சொல்லி எழுதுவித்தவர்: வை.மு. கோதைநாயகி அம்மாளின் வாழ்வுப் பின்புலமும் எழுத்துமுறையும்

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் தமிழில் நூற்றுக்கும் மேற்பட்ட புதினங்களைப் படைத்தும், 35 ஆண்டுகள் ஓர் இதழை ஆசிரியராக இருந்து நடத்தியும் புகழ்பெற்றவர் வை.மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960). பள்ளிக் கல்வி பெறாத இவர், தம் முதற்படைப்பைத் தோழியிடம் வாய்மொழியாகச் சொல்லி எழுதுவித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. இலக்கிய வரலாறுகளில் இச்செய்தி ஒரு வியப்புக் குறிப்பாக மட்டுமே நின்றுவிட்டது. அவருடைய வாழ்க்கையைக் கால வரிசையில் எடுத்துரைக்கும் இக்கட்டுரை, வாய்மொழியாகச் சொல்லும் பழக்கம், மாதந்தோறும் எழுத வேண்டிய இதழியல் கடப்பாடு, பொதுவாழ்வு ஆகிய மூன்றும் அவருடைய காதற்புதினங்களின் வடிவத்தை எவ்வாறு அமைத்தன என்பதை விளக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: வை.மு. கோதைநாயகி, ஜகன்மோகினி, வாய்மொழி மரபு, தொடர்புதினம், பெண் எழுத்து, பெண் இதழியல்.

முன்னுரை

தமிழ்ப் புதினத்தின் தொடக்க வரலாறு 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்திலிருந்து எழுதப்படுகிறது. அடுத்து வரும் கமலாம்பாள் சரித்திரம், பத்மாவதி சரித்திரம் ஆகியவற்றைப் பேசியபின், வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் கல்கியையும் மணிக்கொடிக் குழுவினரையும் நோக்கி விரைந்து விடுகின்றனர். இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் தமிழில் புதினம் படிக்கும் பழக்கம் இல்லங்களுக்குள் பரவலாகப் புகுந்தது. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் ஆகியோர் அக்காலத்தின் வாசக ஈர்ப்பு மிக்க எழுத்தாளர்கள். அவ்வரிசையில் ஒரு பெண்ணாக இடம்பெற்று, அவர்களுக்குப் பின்னும் நெடுங்காலம் எழுதியவர் வை.மு. கோதைநாயகி அம்மாள்.

அவருக்கு முன்னரும் பெண்கள் எழுதாமல் இல்லை. பண்டிதை விசாலாட்சி அம்மாள் லலிதாங்கி முதலிய புதினங்களை எழுதியதுடன் இதழும் நடத்தினார். ஆயினும் எழுத்தைத் தம் அன்றாடத் தொழிலாகவும், இதழைத் தம் உடைமையாகவும் கொண்டு மூன்றரைப் பத்தாண்டுகள் இடைவிடாது இயங்கியது கோதைநாயகி அம்மாளின் தனித்தன்மை. அவரை மதிப்பிடுவோர் எண்ணிக்கையைச் சொல்லி வியப்பதும், அவ்வெண்ணிக்கையையே காரணமாகக் காட்டி ஒதுக்குவதும் என இரு நிலைகளில் நின்றுள்ளனர். அவர் எவ்வாறு எழுதினார் என்னும் வினாவை இவ்விரு நிலையினரும் எழுப்பவில்லை. அவ்வினாவுக்கு விடை அவருடைய வாழ்க்கைப் பின்புலத்தில் உள்ளது.

பிறப்பும் இளமையும்

கோதைநாயகி 1901-ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் பிறந்தார். தந்தையார் நீர்வளூர் என்.எஸ். வெங்கடாச்சாரியார், தாயார் பட்டம்மாள். வைணவ மரபில் ஊன்றிய குடும்பம். ஆண்டாளின் இயற்பெயரைப் பெண்மகவுக்கு இட்டு வழங்கியது அம்மரபின் இயல்பு. குழந்தைக்கு ஓராண்டு நிரம்பும் காலத்திலேயே தாயார் மறைந்தார். பின்னர்ப் பாட்டியும் தந்தைவழி உறவினரும் அவரை வளர்த்தனர்.

இவ்விழப்பு அவருடைய படைப்புலகைப் புரிந்துகொள்ள ஒரு திறவுகோல். தாயற்ற பெண், உறவினரின் தயவில் வளரும் பெண், தன் குடும்பத்தை இழந்து பின் கண்டடையும் பெண் ஆகியோர் அக்காலக் காதற்புதினங்களின் பொதுப் பாத்திரங்கள்தாம். கோதைநாயகி அப்பொதுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டபோது, அது அவருடைய சொந்த இளமையோடு ஒத்திருந்தது. அநாதைப் பெண் என்னும் தலைப்பையே அவர் தம் புதினம் ஒன்றுக்கு இட்டதை இங்கு நினைவிற் கொள்ளலாம். படைப்பாளியின் வாழ்வைப் படைப்பில் நேரடியாகத் தேடுவது முறையன்று. ஆனால் ஒரு பொது மரபிலிருந்து ஒருவர் எதனைத் தேர்ந்துகொள்கிறார் என்பதில் அவருடைய வாழ்வுக்குப் பங்கு உண்டு.

மணமும் புகுந்த இல்லமும்

1907-ஆம் ஆண்டு, ஐந்தரை வயதில், அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. மணமகன் வை.மு. பார்த்தசாரதிக்கு அப்போது வயது ஒன்பது. குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் நிறைவேறியது 1929-இல். அதாவது இம்மணத்திற்கு 22 ஆண்டுகள் கழித்து. பிற்காலத்தில் தம் புதினங்களில் பொருந்தா மணத்தையும் குழந்தைக் கைம்மையையும் இடைவிடாது எடுத்துரைத்த ஒருவர், தாமே குழந்தையாக மணமேடை ஏறியவர் என்பது கருதத்தக்கது. அவருடைய மணவாழ்வு இனிதாக அமைந்தது. ஆகவே தம் துயரத்தை எழுதியவராக அவரைக் கொள்ள இயலாது. தம்மைச் சுற்றியிருந்த பெண்களின் துயரத்தைக் கண்டு எழுதியவராகவே அவரைக் கொள்ள வேண்டும்.

அவர் புகுந்த சென்னைத் திருவல்லிக்கேணி இல்லம் தமிழ்ப் புலமைக்குப் பெயர்பெற்றது. வை.மு. என்னும் முன்னெழுத்துகள் வைத்தமாநிதி முடும்பை என்பதன் சுருக்கம். கம்பராமாயணத்திற்கும் பிற இலக்கியங்களுக்கும் உரை கண்ட வை.மு. சடகோப ராமாநுஜாசாரியாரும் வை.மு. கோபாலகிருஷ்ணமாசாரியாரும் அதே குலத்தவர். தமிழ் மாணவர் தலைமுறைகள் அவ்வுரைகளின் துணைகொண்டே கம்பனையும் பாரதத்தையும் பயின்றன. அச்சில் ஏறிய உரைநூல்களால் அறியப்பட்ட ஒரு குலத்தின் மருமகள் எழுத்துக் கற்பிக்கப்படாதவராக வந்து சேர்ந்தார். அக்குலத்தின் முன்னெழுத்துகளைத் தமிழ்நாட்டின் பொது வாசகரிடையே பரவலாக அறியச் செய்தவரும் இம்மருமகளே ஆவார்.

கேள்வியும் வாசிப்பும்

அவர் எழுதத் தெரியாதவர் என்னும் கூற்றைச் சற்று நுணுகிப் பார்த்தல் வேண்டும். அக்காலப் பெண்களின் கல்வியைக் கேட்டல், ஓதல், படித்தல், எழுதுதல் என நான்கு படிகளாகக் கொள்ளலாம். வைணவ இல்லங்களில் பெண்கள் பாசுரங்களைக் கேட்டு மனப்பாடம் செய்தனர். பலர் அச்சு நூல்களைப் படிக்கவும் கற்றனர். எழுதுதல் மட்டும் பெண்களுக்குத் தேவையற்றதாகக் கருதப்பட்டது. கணக்கு, கடிதம், பத்திரம் ஆகியவை ஆண்களின் வினைகளாக இருந்தமையால் எழுத்தும் அவர்களுக்குரியதாயிற்று. படிக்கத் தெரியும், எழுத வராது என்னும் நிலை இன்று முரணாகத் தோன்றலாம். அன்று அது பெண்கல்வியின் இயல்பான எல்லை.

கோதைநாயகி இவ்வெல்லைக்குள்தான் வளர்ந்தார். புகுந்த இல்லத்தில் கேள்வியாலும் வாசிப்பாலும் தமிழறிவு பெற்றார். திவ்வியப் பிரபந்தப் பயிற்சி அவருக்குச் சொல்வளத்தைத் தந்தது. குரல்வளம் மிக்க அவர் இசையிலும் தேர்ச்சி பெற்றார். அண்டை அயலிலிருந்த சிறுவர்க்கும் தோழியர்க்கும் கதை சொல்வது அவருடைய வழக்கமாக இருந்தது. பழங்கதைகளைத் திருப்பிச் சொல்வதோடு நில்லாமல் தாமே புதிதாகப் புனைந்தும் சொன்னார். கேட்போர் முகங்களைப் பார்த்துக்கொண்டே கதையை நீட்டவும் குறைக்கவும் திருப்பவும் வல்லவர் ஆனார். அவருடைய எழுத்துப் பயிற்சி என்று எதையேனும் சுட்ட வேண்டுமாயின், இக்கதை சொல்லலையே சுட்ட வேண்டும்.

இந்திர மோகனா

கணவர் பார்த்தசாரதி நாடக விருப்பம் உடையவர். குடும்பப் பெண்கள் நாடகக் கொட்டகைக்குச் செல்வதை ஊரார் ஐயத்துடன் நோக்கிய காலத்தில், அவர் தம் மனைவியை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். பம்மல் சம்பந்த முதலியாரின் முயற்சியால் நாடகம் கற்றவர் மதிக்கும் கலையாக மாறிவந்த காலம் அது. கண்ட நாடகங்கள் கோதைநாயகியின் உள்ளத்தில் தாமும் ஒரு நாடகம் இயற்ற வேண்டும் என்னும் எண்ணத்தை விளைவித்தன. கதை மனத்தில் உருவாயிற்று. உரையாடல்கள் நாவில் வந்தன. தாளில் இறக்கக் கைப்பழக்கம் இல்லை. தோழி பட்டம்மாளிடம் அவர் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் எழுதினார். இவ்வாறு உருவான இந்திர மோகனா என்னும் நாடகம் 1924-இல் அச்சேறி வரவேற்பைப் பெற்றது. அப்போது கோதைநாயகிக்கு 23 வயதும் நிரம்பவில்லை.

முதற்படைப்பு நாடகமாக அமைந்தது தற்செயல் அன்று. நாடகம் என்பது பேச்சு. அதில் வருணனைக்கு இடம் குறைவு. உரையாடலே கதையை நடத்துகிறது. சொல்லி எழுதுவிக்கும் ஒருவருக்கு மிக இயல்பாகக் கைவரக்கூடிய வடிவம் அதுவே. பாத்திரத்தின் குரலை ஏற்றுப் பேசினால் போதும். எழுதுபவர் அதனை அப்படியே பதிந்துகொள்வார். பின்னர் அவர் புதினத்திற்கு வந்தபோதும் இந்நாடகத் தன்மை உடன்வந்தது. நீண்ட உரையாடல்கள், பாத்திரங்களின் தனிமொழிகள், வியப்பும் அவலமும் கலந்த விளிகள், காட்சி மாற்றம் போல் திடீரென முடியும் அத்தியாயங்கள் ஆகியவை அவருடைய நடையின் நிலைத்த கூறுகளாயின. இவற்றை உரைநடைக் குறைகளாகத் திறனாய்வாளர் கண்டனர். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, வீட்டார் சூழ்ந்திருந்து கேட்கும் வாசிப்பு முறைக்கு இவை குறைகள் அல்ல, தேவைகள்.

எழுதிய கை

இந்நிகழ்ச்சியில் இரண்டு பெண்கள் உள்ளனர். இலக்கிய வரலாறு ஒருவரை மட்டுமே நினைவிற்கொண்டது. பட்டம்மாள் வெறும் படியெடுப்பவராக மட்டும் இருந்திருக்க இயலாது என்பதை எழுதுவித்தல் என்னும் செயலின் தன்மையே உணர்த்துகிறது. சொல்பவரின் வேகத்திற்கு ஏற்ப எழுதுபவரின் கை ஓட வேண்டும். ஓடாதவிடத்துச் சொல்பவர் நின்று மீண்டும் சொல்ல வேண்டும். மீண்டும் சொல்லும்போது தொடர் மாறும். முதல் வாசகரும் எழுதுபவரே. அவருடைய ஆர்வமும் அயர்வும் சொல்பவருக்கு உடனுக்குடன் தெரியும். கதை சொல்லியாகப் பழகிய கோதைநாயகிக்கு எதிரே ஒருவர் அமர்ந்து கேட்கும் இச்சூழல் ஏற்கெனவே அறிமுகமானது.

எழுத்துக் கற்பித்த ஆசிரியரும் பட்டம்மாளே. அவரிடமிருந்து கோதைநாயகி எழுதப் பழகிக்கொண்டார். ஒரு பெண் மற்றொரு பெண்ணின் கதையை எழுதிக் கொடுத்ததோடு, இனித் தன் துணை வேண்டாதபடி அவருக்கு எழுத்தையும் கற்றுத் தந்தார். தமிழ்ப் பெண் எழுத்தின் வரலாற்றில் பட்டம்மாளுக்கு ஓர் இடம் தரப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணைக் கருத்து. பெண் படைப்பாளியின் வெற்றியை ஊக்குவித்த கணவர், வழிகாட்டிய ஆண் எழுத்தாளர் ஆகியோரைக் கொண்டே விளக்கும் வழக்கத்தில், அருகிருந்த தோழியின் உழைப்பு மறைந்துவிடுகிறது.

வைதேகியும் ஜகன்மோகினியும்

நாடகத்தின் வரவேற்பைத் தொடர்ந்து கோதைநாயகி வைதேகி என்னும் புதினத்தை எழுதலானார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் தம் மனோரஞ்சனி இதழின் வாயிலாக அதனை வெளிக்கொணர உதவினார். துப்பறிதலும் காதலும் விரவிய புதினங்களால் அன்று பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றிருந்தவர் வடுவூரார். கோதைநாயகியின் தொடக்ககாலப் புதினங்களில் காணப்படும் மறைவு, ஆள்மாறாட்டம், எதிர்பாராச் சந்திப்பு, இறுதியில் உண்மை வெளிப்படல் ஆகிய உத்திகள் அவ்வெழுத்துச் சூழலின் பொதுச்சொத்து.

1925-இல், நின்றுபோயிருந்த ஜகன்மோகினி என்னும் மாத இதழைக் கோதைநாயகி விலைக்கு வாங்கித் தாமே ஆசிரியராக நடத்தத் தொடங்கினார். வைதேகி அவ்விதழில் தொடர்ந்து வந்தது. எழுத்துலகில் நுழைந்த ஓராண்டுக்குள் ஓர் இதழின் உரிமையாளர் ஆதல் எளிய முடிவன்று. ஒரு பெண் வெளிப்படையாக இதழ் நடத்துவதைப் பழைமைவாதிகள் பொறுத்துக்கொள்ளவில்லை. தூற்றலும் எதிர்ப்பும் எழுந்தன. அவரும் கணவரும் அவற்றைக் கடந்து இதழைத் தொடர்ந்தனர். 1930-களின் பிற்பகுதியில் சொந்த அச்சகமும் அமைந்தது. எழுதுவதும், அச்சிடுவதும், விற்பனைக்கு அனுப்புவதும் ஒரே இல்லத்தைச் சூழ்ந்த வினைகளாயின. பதிப்பாளரின் இசைவுக்குக் காத்திருக்க வேண்டிய நிலை அவருக்கு இல்லாமற்போனது. அன்றைய பெண் எழுத்தாளர்க்கு எளிதில் வாய்க்காத உரிமை இது.

மாதக் கெடுவும் புதின வடிவும்

உரிமையோடு கடப்பாடும் வந்தது. மாத இதழ் மாதந்தோறும் வெளிவந்தாக வேண்டும். அதன் பக்கங்களை நிரப்பும் முதன்மைப் பொறுப்பு ஆசிரியருக்கே. ஒரு புதினம் முடிந்தவுடன் அடுத்தது தொடங்கப்பட வேண்டும். 115 புதினங்கள் என்னும் எண்ணிக்கை இவ்வாறு உருவானது. அதனை 35 ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு மூன்றுக்கும் சற்று மிகுதியான புதினங்கள் ஆகின்றன. இல்லறப் பணி, இதழ்ப்பணி, மேடைப்பணி ஆகியவற்றுக்கிடையே இவ்வளவு எழுதிய ஒருவர், ஒவ்வொரு தொடரையும் செதுக்கிச் செதுக்கி எழுதியிருக்க வாய்ப்பில்லை. அவருடைய ஆற்றல் தொடர் அளவில் இல்லை. கதையோட்ட அளவில் உள்ளது.

தொடர்கதையின் இயல்பையும் கருத வேண்டும். ஒரு மாதம் இடைவெளிவிட்டுப் படிக்கும் வாசகருக்குக் கதையின் முற்பகுதி நினைவில் நிற்க வேண்டும். பாத்திரங்கள் எளிதில் அடையாளம் காணத்தக்கவராக இருக்க வேண்டும். பகுதியின் முடிவில் அடுத்த இதழை எதிர்நோக்கச் செய்யும் ஒரு முடிச்சு விழ வேண்டும். நல்லோரும் தீயோரும் தெளிவாகப் பிரிந்து நிற்பதும், நிகழ்ந்ததை ஒரு பாத்திரம் மற்றொன்றுக்கு மீள எடுத்துரைப்பதும், தற்செயல் நிகழ்வுகளால் கதை திரும்புவதும் இத்தேவையிலிருந்து பிறந்தவை. ராதாமணி, நளினசேகரன், கௌரிமுகுந்தன் எனப் பாத்திரப் பெயர்களின் ஓசையோடு ஒலிக்கும் தலைப்புகளை அவர் பல புதினங்களுக்கு இட்டார். தலைமக்களின் பெயரைத் தலைப்பாக்குதல் வாசகர் நினைவில் கதையை நிறுத்தும் எளிய வழி. கதை சொல்லிக்கு நன்கு தெரிந்த வழியும் அதுவே.

காதற்கதையும் சீர்திருத்தமும்

அவருடைய புதினங்களில் காதல் கதையின் அச்சாணி. ஆயினும் அக்காதல் தனித்து நிற்பதில்லை. காதலர் பிரிவதற்குக் காரணமாக அமைபவை வரதட்சிணை, பொருந்தா மணம், குடிப்பழக்கம், கைம்பெண்ணின் நிலை, படாடோப வாழ்வு ஆகிய சமூகக் கேடுகளே. காதலர் கூடுவதற்கு அக்கேடு களையப்பட வேண்டும். ஆதலால் காதலின் வெற்றி சீர்திருத்தத்தின் வெற்றியாகவும் அமைகிறது. பெண்கல்வியையும் கைம்பெண் மறுமணத்தையும் கட்டுரையாக எழுதியிருந்தால் படிக்காமல் விட்டிருக்கக்கூடிய வாசகர், கதைத்தலைவியின் கண்ணீருக்கு முடிவு காணும் பொருட்டு அவற்றை ஏற்றுக்கொண்டனர். படாடோபத்தின் பரிபவம் போன்ற தலைப்புகள் இந்நோக்கத்தை மறைக்காமலே காட்டுகின்றன.

இதில் ஒரு வரம்பும் உண்டு. அவருடைய தலைவியர் எத்துணைத் துன்பத்திலும் பொறுமையையும் கற்பையும் கைவிடாதவர். குடும்ப அமைப்பைத் திருத்த விரும்பினாரே அன்றி அதனைக் கடக்க அவர் விரும்பவில்லை. இதனைக் கொண்டு அவரைப் பழைமைவாதி என முடிவுகட்டுவது எளிது. ஆனால் தலைவி குடும்பத்துக்குள் இருக்கும்வரைதான் அக்காலப் பெரியோர் அக்கதையைத் தம் வீட்டுப் பெண்கள் கையில் தர இசைவர். கதைக்குள் குடும்பத்தைப் போற்றிய அதே பெண், கதைக்கு வெளியே இதழ் நடத்தினார், மேடை ஏறினார், சிறை சென்றார். படைப்பில் காட்டிய எல்லையை வாழ்வில் அவர் தாண்டினார். அவரை மதிப்பிடுவோர் இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துக் காண வேண்டும்.

பொதுவாழ்வும் சிறையெழுத்தும்

1925-இல் காந்தியடிகள் சென்னை வந்தபோது அவரைக் கண்டது கோதைநாயகியின் வாழ்வில் ஒரு திருப்பம். பட்டாடையையும் அணிகலன்களையும் விடுத்துக் கதர் உடுத்தலானார். இதழ்த் தொடக்கமும் இம்மாற்றமும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தவை. பின்னர்க் காங்கிரசு மேடைகளில் பேசும் பெண்களுள் ஒருவராக விளங்கினார். அவருடைய பேச்சில் கதைகளும் எடுத்துக்காட்டுகளும் மிகுந்திருந்தன, பாட்டும் இடம்பெற்றது. முன்பு சிறுவர்க்குக் கதை சொல்லிய நாவுக்கு மேடை புதிய அவையாயிற்று.

கள்ளுக்கடை மறியலிலும் அயல்நாட்டுத் துணி எதிர்ப்பிலும் ஈடுபட்ட அவர் 1932-இல் சிறை சென்றார். வேலூர்ச் சிறையில் இருந்த காலத்தில் கணவர் பார்த்தசாரதி இதழைத் தொடர்ந்து வெளிக்கொணர்ந்தார். சிறைக்குள்ளும் அவருடைய எழுத்து நிற்கவில்லை. உத்தமசீலன், சோதனையின் கொடுமை ஆகிய புதினங்கள் சிறைவாழ்வின் விளைவுகள். எட்டு ஆண்டுகளுக்கு முன் முதற்படைப்பை மற்றொருவர் கையால் எழுதுவித்தவர், சிறையில் தம் கையால் எழுதினார். அவருடைய எழுத்து வாழ்வின் இரு முனைகளாக இவ்விரு நிகழ்வுகளைக் கொள்ளலாம். சிறையில் உடனிருந்த பெண்களின் வாழ்க்கைத் துயரங்களை நேரிற் கேட்கும் வாய்ப்பும் அவருக்கு அங்குக் கிட்டியது. கேட்டல் வழியாகக் கற்ற ஒருவருக்குச் சிறையும் ஒரு கல்விக்கூடமாயிற்று.

இசைத்துறையிலும் அவருடைய தொடர்பு நீடித்தது. தாம் பாடியதோடு, இளங்கலைஞர்களை ஊக்குவிப்பதிலும் அக்கறை காட்டினார். அவருடைய கதைகள் திரைக்கும் சென்றன. ராஜமோகன் 1937-இலும், அநாதைப் பெண் 1938-இலும் படங்களாக வெளிவந்தன. பேசும்படம் தமிழுக்கு வந்து பத்தாண்டுகள் நிறைவதற்குள் ஒரு பெண்ணின் புதினங்கள் திரைக்கதைக்கு அடிப்படையாயின. அவருடைய உரையாடல் நிறைந்த நடை, தெளிவாகப் பிரிந்த பாத்திரங்கள், உணர்ச்சி உச்சங்கள் ஆகியவை திரையின் தேவைக்குப் பொருந்தி நின்றன. நாடகக் கொட்டகையில் பிறந்த அவருடைய கதையுணர்வு திரையரங்குக்குச் சென்று சேர்ந்தது.

இறுதிக்காலம்

1948-இல் காந்தியடிகள் மறைந்தபின், கோதைநாயகி மகளிர்க்கான தொண்டில் மேலும் ஈடுபட்டார். திருவல்லிக்கேணியில் மகாத்மாஜி சேவா சங்கம் என்னும் அமைப்பை நிறுவி, ஏழைப் பெண்கள் கல்வியும் கைத்தொழிலும் பெற வழிசெய்தார். இதழ் உலகமோ அப்போது பெரிதும் மாறியிருந்தது. ஆனந்த விகடன், கல்கி போன்ற வார இதழ்கள் வண்ண ஓவியங்களோடும் பெரும் விற்பனை வலையோடும் வாசகரைக் கவர்ந்தன. ஒரு குடும்பத்தின் உழைப்பில் நடந்த மாத இதழ் அவற்றோடு போட்டியிடுவது கடினமாயிற்று.

1956-இல் அவருடைய ஒரே மகன் சீனிவாசன் மறைந்தார். இவ்விழப்பிலிருந்து அவர் மீளவில்லை. உடல்நலம் குன்றியது, காசநோய் பற்றியது. தாம்பரம் காசநோய் மருத்துவமனையில் 1960-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் காலமானார். அவரோடு ஜகன்மோகினியின் காலமும் முடிந்தது. அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் கழித்து 1966-இல் கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கத்தில் வெளிவந்த சித்தி என்னும் திரைப்படம் அவருடைய கதையைத் தழுவியது. அப்படத்தைக் கண்டு மகிழ்ந்த தலைமுறையில் பலர் அக்கதைக்கு உரியவரின் பெயரை அறியாதிருந்தனர்.

மதிப்பீட்டுச் சிக்கல்

இவ்வாறு வாழ்ந்த ஒருவர் ஏன் இலக்கிய வரலாற்றின் ஓரத்திற்குத் தள்ளப்பட்டார் என்பதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, மணிக்கொடிக் காலத்தில் உருவான இலக்கிய அளவுகோல். அது தனிவாசிப்பையும், நடையின் செறிவையும், ஆசிரியரின் தனிப்பார்வையையும் போற்றியது. கூட்டாகக் கேட்டு மகிழும் வாசிப்புக்கென எழுந்த கதைகளை அவ்வளவுகோலால் அளந்தால் அவை குறையுடையனவாகவே தோன்றும். இரண்டாவது, வாசகர் யார் என்னும் கணக்கு. அவருடைய வாசகர் பெரும்பாலும் வீட்டுக்குள் இருந்த பெண்கள். அவர்கள் திறனாய்வு எழுதவில்லை. ஆகவே அவர்களுடைய மதிப்பீடு அச்சில் பதிவாகவில்லை. மூன்றாவது, பதிப்பு நிலை. சொந்த அச்சகத்தில் வெளிவந்த நூல்கள் அவ்வச்சகத்தின் காலத்தோடு அருகின. நூல் கைக்குக் கிட்டாதபோது, முன்னவர் கூறிய முடிவுகளைப் பின்னவர் திருப்பிச் சொல்வதே ஆய்வாகிவிடுகிறது.

இவற்றுள் மூன்றாவது காரணம் உடனடியாகக் களையத்தக்கது. ஜகன்மோகினி இதழ்த் தொகுதிகள் முறையாகத் தொகுக்கப்பட்டு மின்வடிவம் பெற வேண்டும். இதழில் வந்த வடிவத்தையும் நூல் வடிவத்தையும் ஒப்பிட்டால், மாதக் கெடுவுக்காக எழுதப்பட்டவற்றுள் எவற்றை அவர் நூலாக்கத்தின்போது மாற்றினார், எவற்றை விட்டுவைத்தார் என்பது புலப்படும். அவருடைய எழுத்துமுறையைப் பற்றிய உறுதியான ஆய்வு அங்கிருந்தே தொடங்க முடியும். பழைய தாள்கள் காலத்தை எதிர்த்து நெடுநாள் நில்லா என்பதால் இப்பணி தள்ளிவைக்கத்தக்கதன்று.

முடிவுரை

வை.மு. கோதைநாயகி அம்மாள் எழுதத் தெரியாமல் எழுத்தாளர் ஆனவர் என்று சொல்வது பாதி உண்மையே. கேட்டும் படித்தும் பாடியும் கதை சொல்லியும் அவர் பெற்றிருந்த கல்வி முழுமையானது. எழுதுகோல் பிடிக்கும் பழக்கம் மட்டுமே அதில் இறுதியாக வந்து சேர்ந்தது. அவருடைய நடையின் கூறுகளை வாய்மொழிக் கதைகூறல், நாடகக் காட்சி, மாதத் தொடர் ஆகிய மூன்றன் விளைவாக நோக்கும்போது, குறைகள் எனப்பட்டவை ஒரு தெளிவான செயல்முறையின் அடையாளங்களாக விளங்குகின்றன. ஒரு பெண் தம் குரலைத் தாளில் பதிக்க ஒரு தோழியும், வெளியிட ஓர் இதழும், இதழை நிலைநிறுத்த ஓர் அச்சகமும் தேவைப்பட்டன. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடைந்த வரலாறே அவருடைய வாழ்க்கை வரலாறு. தமிழ்ப் புதின வரலாற்றை வாசகர் வரலாறாகவும் எழுத முற்படும் எவரும் அவரைக் கடந்து செல்லுதல் இயலாது.